உங்கள் வெப்சைட் இப்போ ஓடுதா? பதில் தெரியாத இந்தக் கேள்விக்கு நாம் கொடுக்கும் விலை

2025 நவம்பர் 18. மாலை 5 மணி நெருங்கும் நேரம். எக்ஸ் தளம் திறக்கவில்லை. சாட்ஜிபிடி திறக்கவில்லை. இணையத்தின் பெரும் பகுதிக்குக் காவல்காரன் மாதிரி நடுவில் நிற்கும் 'கிளவுட்ஃப்ளேர்' நிறுவனத்தில் கோளாறு. அடுத்த சில நிமிடங்களில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. டிவியில் ஃப்ளாஷ் நியூஸ், வாட்ஸ்அப் குரூப்களில் "உனக்கும் வரலையா?" என்ற கேள்வி, இரவுக்குள் மீம்ஸ். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் பெரும்பாலான சேவைகள் திரும்பின. பிறகு அந்த நிறுவனமே, எங்கே தவறு நடந்தது என்று நீண்ட விளக்கமும் வெளியிட்டது.

இது பெரிய இடத்துக் கதை. இப்போது சின்ன இடத்துக்கு வருவோம்.

குறிஞ்சிப்பாடியில் கைத்தறி லுங்கி, சேலை விற்கும் ஒரு கடைக்கு வெப்சைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நாளில் அந்த சைட்டும் விழுந்துபோகிறது. யார் ஃப்ளாஷ் நியூஸ் போடுவார்கள்? யார் மீம் போடுவார்கள்? கடைக்காரருக்கு யார் போன் செய்து சொல்வார்கள்?

யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்க வந்தவர் இரண்டு முறை ரீலோட் பண்ணிப் பார்ப்பார். மூன்றாவது முறை வேறு கடைக்குப் போய்விடுவார். அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒரே விஷயத்தைத்தான். சைட் விழுவது எல்லோருக்கும் நடக்கும்; கூகுளுக்கும் நடக்கும், அமேசானுக்கும் நடக்கும். சிறு வியாபாரிக்கு உண்மையான நஷ்டம், விழுந்தது தெரியாமல் இருக்கும் நேரத்தில்தான் வருகிறது. அந்த நேரத்தைக் குறைக்க பெரிய பணம் தேவையில்லை. ஆனால் நம்ம ஊரில் வெப்சைட் செய்து தருபவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

'டவுன்டைம்' என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், உங்கள் சைட் வேலை செய்யாத நேரம் 'டவுன்டைம்'. வேலை செய்யும் நேரம் 'அப்டைம்'.

ஆனால் 'வேலை செய்யவில்லை' என்பதில் பல வகை உண்டு.

முதல் வகை, பக்கமே திறக்காது. சர்வர் நின்றுவிட்டது, ஹோஸ்டிங் பணம் கட்டவில்லை, டொமைன் காலாவதி. இது வெளிப்படையான கோளாறு.

இரண்டாவது, பக்கம் திறக்கும், ஆனால் அரை நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். கணக்குப்படி சைட் 'ஓடுகிறது'. வாடிக்கையாளரைப் பொறுத்தவரை செத்துவிட்டது.

மூன்றாவதுதான் விஷமத்தனமானது. முகப்புப் பக்கம் பளிச்சென்று திறக்கும். போட்டோ எல்லாம் வரும். ஆனால் 'வாங்கு' பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அல்லது 'தொடர்புகொள்ள' படிவத்தை நிரப்பி அனுப்பினால் "நன்றி" என்று சொல்லும். ஆனால் மெயில் யாருக்கும் போய்ச் சேராது. ஓனர் தினமும் சைட்டைத் திறந்து பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று நினைத்துக்கொண்டிருப்பார். இந்த வகைக் கோளாறு மாதக்கணக்கில் தூங்கும்.

ஏன் ஓனருக்கே கடைசியில் தெரிகிறது?

இதற்கு நான்கு காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, ஓனர் தன் சைட்டை வாடிக்கையாளர் மாதிரி பயன்படுத்துவதில்லை. கடையின் ஷட்டரைத் தினமும் காலையில் அவரே தூக்குகிறார். சைட்டின் ஷட்டர் தானாகத் திறந்தே இருக்கும் என்று நம்புகிறார்.

இரண்டு, பார்த்தாலும் அவர் போன் பொய் சொல்லலாம். முன்பு திறந்த பக்கத்தை பிரவுசர் சேமித்து வைத்திருக்கும். சைட் விழுந்த பிறகும் பழைய பக்கத்தைக் காட்டிவிடும். "எனக்கு ஓப்பன் ஆகுதே!" என்ற புகழ்பெற்ற பதில் இங்கிருந்துதான் வருகிறது. சில நேரம் ஒரு நெட்வொர்க்கில் திறக்கும், இன்னொன்றில் திறக்காது.

மூன்று, நேரம். நெய்வேலி, பண்ருட்டி, கடலூர்ப் பக்கத்து ஆட்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். முந்திரி, சேலை, பலகாரம் என்று ஊர்ப் பொருளை ஆன்லைனில் தேடுபவர்களில் அவர்களும் உண்டு. நமக்கு நள்ளிரவு ஒரு மணி என்றால் நியூயார்க்கில் பிற்பகல். நாம் தூங்கும்போது விழுந்து, நாம் எழுவதற்குள் தானே எழுந்துவிடும் சைட்டை நீங்கள் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஆர்டர் ஏன் குறைந்தது என்று மட்டும் மாதக் கடைசியில் யோசிப்பீர்கள்.

நான்கு, புகார் வருவதில்லை. வங்கி ஆப் வேலை செய்யாவிட்டால் நாம் எக்ஸில் டேக் பண்ணித் திட்டுவோம். காரணம், நம் பணம் அங்கே இருக்கிறது, வேறு வழியில்லை. முதல்முறை வந்த கடையின் சைட் திறக்காவிட்டால் யார் மெனக்கெட்டு நம்பர் தேடிப் பிடித்துச் சொல்வார்கள்? புகார் கிடைப்பதுகூடப் பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்கும் சலுகைதான்.

உள்ளே எல்லாம் பச்சை, வெளியே இருட்டு

தமிழ்நாட்டிலிருந்து ஒரு நிஜ உதாரணம். 2018 செப்டம்பர் 24. சோஹோ நிறுவனத்தின் சேவைகள் திடீரென உலகம் முழுக்கப் பலருக்குத் திறக்கவில்லை. மெயில், கணக்கு வழக்கு, வாடிக்கையாளர் விவரம் என்று தங்கள் அலுவலகத்தையே சோஹோவில் நடத்தும் ஏராளமான நிறுவனங்கள் கைகட்டி நின்றன.

சர்வர் எரிந்ததா? ஹேக்கர்கள் புகுந்தார்களா? இரண்டும் இல்லை. சோஹோவின் டொமைன் பெயரைப் பதிவுசெய்து வைத்திருந்த 'டியராநெட்' என்ற அமெரிக்க நிறுவனம், அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. சோஹோ மெயில் கணக்குகள் சிலவற்றிலிருந்து மோசடி மெயில்கள் போனதாக வந்த ஒருசில புகார்கள்தான் காரணம். கட்டடம் அப்படியே இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஊழியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ வாசலில் இருந்த பெயர்ப் பலகையையும் முகவரியையும் அழித்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே ட்விட்டரில் வந்து உதவி கேட்க வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் பெயர் மீட்கப்பட்டது. ஆனால் அந்த மாற்றம் உலகெங்கும் இருக்கும் முகவரிப் பட்டியல்களுக்குப் போய்ச் சேரக் கூடுதல் நேரம் பிடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சைட்டுகள் ஓடுகின்றனவா என்று கண்காணிக்கும் 'சைட்24எக்ஸ்7' என்ற சேவையை நடத்துவதே சோஹோதான். அத்தனை தொழில்நுட்பம் கையில் இருக்கும் நிறுவனத்துக்கே, தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு இடத்தில் அடி விழுந்தது. ஆனால் அவர்களுக்கு உடனே தெரிந்தது. அதனால் உடனே கதவைத் தட்ட முடிந்தது. நம்ம ஊர் சிறு கடைக்கு இதே நடந்தால், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஹோஸ்டிங் விளம்பரங்களில் '99.9% அப்டைம்' என்று போட்டிருப்பார்கள். பார்க்க ஜோராக இருக்கும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதை வைத்துக் கணக்கிட்டால்:

- 99% என்றால் வருடத்துக்கு 87.6 மணி நேரம், அதாவது மூன்றரை நாளுக்கு மேல் சைட் இல்லை.
- 99.9% என்றால் வருடத்துக்கு சுமார் 8 மணி 45 நிமிடம்.
- 99.99% என்றால் வருடத்துக்கு சுமார் 52 நிமிடம்.

ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். அதுவும், அந்த 8 மணி நேரம் எப்போது வரும் என்று விளம்பரம் சொல்லாது. வடலூர் தைப்பூசத்துக்கோ, சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்துக்கோ முந்தைய வாரம் ஒரு லாட்ஜின் புக்கிங் பக்கம் எட்டு மணி நேரம் படுத்தால், அது வெறும் 0.1% நஷ்டமா? அந்த வருடத்தின் நல்ல நாளே போய்விட்டது. போதாததற்கு, கூட்டம் அதிகமாக வரும்போதுதான் சைட்டும் மூச்சு வாங்கும். 2021 ஏப்ரல் 28 அன்று 18 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவு தொடங்கியதும் கோவின் தளம் திணறியது நினைவிருக்கலாம்.

இப்போது ரூபாயில் பார்ப்போம். இது ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு கடைக்கு மாதம் 300 ஆன்லைன் ஆர்டர். சராசரி ஆர்டர் 1,200 ரூபாய். மாதம் 3,60,000 ரூபாய். நாளுக்கு 12,000. மணிக்கு 500.

வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு சைட் விழுகிறது. சனி, ஞாயிறு யாரும் கவனிக்கவில்லை. திங்கள் காலை 9 மணிக்கு ஒரு பழைய வாடிக்கையாளர் போன் பண்ணி, "என்னண்ணே, சைட்டை மூடிட்டீங்களா?" என்கிறார். டெவலப்பரைப் பிடித்து, 10 மணிக்குச் சரியாகிறது. மொத்தம் 61 மணி நேரம். நஷ்டம் 30,500 ரூபாய்.

இதை இரண்டாகப் பிரியுங்கள். பழுதுபார்க்க எடுத்தது 1 மணி நேரம். தெரிந்துகொள்ள எடுத்தது 60 மணி நேரம். விழுந்த ஐந்தாவது நிமிடமே ஒரு மெசேஜ் வந்திருந்தால் நஷ்டம் 500, 600 ரூபாயோடு முடிந்திருக்கும். மீதி சுமார் 30,000 ரூபாய் கோளாறுக்கான விலை கிடையாது, கவனிக்காததற்கான விலை.

கணக்கு நோட்டில் வராத நஷ்டம்

மேலே சொன்னது நேரடியாகத் தெரியும் நஷ்டம் மட்டும்.

விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமிலோ கூகுளிலோ தினமும் 500 ரூபாய்க்கு விளம்பரம் போகிறது. சைட் விழுந்த நொடியே அது நின்றுவிடாது. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு கழியும். காசு கொடுத்து ஆட்களை அழைத்து வந்து பூட்டிய கதவைக் காட்டுகிறீர்கள்.

அடுத்தது பேமென்ட். வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் கட்டிவிட்டார். "பணம் வந்துவிட்டது" என்று பேமென்ட் நிறுவனம் உங்கள் சைட்டுக்குத் தகவல் அனுப்பும். அந்த நேரம் பார்த்து சைட் இல்லையென்றால்? பணம் போயிருக்கும், ஆர்டர் பதிவாகியிருக்காது. வாடிக்கையாளர் கண்ணுக்கு நீங்கள் மோசடிக்காரர். சாதாரண டெக்னிக்கல் கோளாறு இப்படித்தான் மானப் பிரச்சினை ஆகிறது.

மூன்றாவது, கூகுள் தேடல். சில மணி நேரம் சைட் இல்லாவிட்டால் கூகுள் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. நாள்கணக்கில் நீண்டால், அந்தப் பக்கங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து எடுக்கத் தொடங்கிவிடும். திரும்ப அந்த இடத்தைப் பிடிப்பது லேசில்லை.

நம்பிக்கையின் விலை என்ன என்பதற்குப் பெரிய அளவில் ஒரு பாடம் இருக்கிறது. ஹெச்டிஎஃப்சி வங்கியின் டிஜிட்டல் சேவைகள் இரண்டு ஆண்டுகளில் பலமுறை முடங்கின. 2020 நவம்பர் 21 அன்று முதன்மை டேட்டா சென்டரில் ஏற்பட்ட மின்தடை கடைசி அடி. டிசம்பரில் ரிசர்வ் வங்கி, புதிய கிரெடிட் கார்டு கொடுக்கவும் புதிய டிஜிட்டல் திட்டங்களைத் தொடங்கவும் அந்த வங்கிக்குத் தடை போட்டது. கார்டு மீதான தடை 2021 ஆகஸ்ட்டில்தான் தளர்ந்தது. முழுத் தடையும் நீங்க 2022 மார்ச் ஆனது. சில மணி நேர முடக்கங்களுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் தண்டனை. சிறு வியாபாரிக்கு ரிசர்வ் வங்கி தடை போடாது, வாடிக்கையாளரே போட்டுவிடுவார். அதற்கு நோட்டீஸும் வராது.

தேதி முடிந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை

சைட் விழ சூறாவளியோ ஹேக்கரோ தேவையில்லை. நாள்காட்டி போதும்.

ஒவ்வொரு சைட்டுக்கும் குறைந்தது இரண்டு காலாவதித் தேதிகள் உண்டு. ஒன்று டொமைன் பெயருக்கு. இன்னொன்று 'எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்' எனப்படும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு. முதலாவது முடிந்தால் சைட்டே இருக்காது. இரண்டாவது முடிந்தால், "இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல" என்று பிரவுசர் பெரிய எச்சரிக்கை காட்டும். அதைத் தாண்டிக் கார்டு நம்பர் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்?

இதில் சறுக்காத ஆளே இல்லை. 1999 கிறிஸ்துமஸ் நேரத்தில், ஹாட்மெயில் லாகினுக்குத் தேவையான ஒரு டொமைனைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. வெளியாள் ஒருவர், ஒரு லினக்ஸ் புரோகிராமர், தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிப் புதுப்பித்தார். 2020 பிப்ரவரி 3 அன்று அதே நிறுவனத்தின் 'டீம்ஸ்' சில மணி நேரம் முடங்கியது. காரணம், காலாவதியான ஒரு சர்டிஃபிகேட்.

இனிமேல் இந்தத் தலைவலி அதிகமாகப் போகிறது. சர்டிஃபிகேட்டின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைக்க, சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு 2025 ஏப்ரலில் முடிவெடுத்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். வருடத்துக்கு ஒருமுறை கையால் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம் முடிந்தது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும். அந்த ஏற்பாடு ஒருநாள் தோற்றால் உங்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். இலவசமாகச் சான்றிதழ் தரும் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' அமைப்பு, "உங்கள் தேதி முடியப்போகிறது" என்று மெயில் அனுப்பும் பழக்கத்தை 2025 ஜூன் 4 முதல் நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஞாபகப்படுத்தும் பொறுப்பு முழுக்க நம் தலையில்.

அப்டைம் மானிட்டரிங் எப்படி வேலை செய்கிறது?

அடிப்படை மிக எளிது. வெளியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் சைட்டின் கதவைத் தட்டுகிறது. நாளைக்கு 288 முறை. ஒழுங்கான பதில் வந்தால் குறித்துக்கொள்கிறது. வராவிட்டால், வேறொரு ஊரில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தும் தட்டிப் பார்க்கிறது. அங்கிருந்தும் பதில் இல்லையென்றால் உங்களுக்கு மெயில், எஸ்எம்எஸ், டெலிகிராம், போன் கால் என ஏதோ ஒரு வழியில் செய்தி வருகிறது.

கொஞ்சம் கூடுதலாகவும் செய்யலாம்.

- பக்கம் திறந்தால் மட்டும் போதாது, அதில் 'கூடையில் சேர்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். வெற்றுப் பக்கம் வந்தாலும் மாட்டிக்கொள்ளும்.
- பதில் வர எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கலாம். விழுவதற்கு முன்பு சைட் பெரும்பாலும் மெதுவாகும்.
- சர்டிஃபிகேட், டொமைன் தேதி முடிய 30 நாள் இருக்கும்போதே சொல்லச் சொல்லலாம்.
- தினமும் இரவு நடக்க வேண்டிய பேக்கப் நடந்ததா என்று பார்க்கலாம். இது தலைகீழ் முறை. வேலை முடிந்ததும் சைட்டே 'முடிந்தது' என்று செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வராவிட்டால் அலாரம்.

சோஹோவின் சைட்24எக்ஸ்7, அப்டைம் ரோபோ என்று இதற்கான சேவைகள் பல. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள 'அப்டைம் குமா' என்ற இலவச மென்பொருளும் உண்டு. சில இலவசத் திட்டங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், வியாபாரத்துக்கு இல்லை. நிபந்தனையைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

காவல்காரன் எங்கே நிற்க வேண்டும்?

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சைட் இருக்கும் அதே சர்வரிலேயே கண்காணிப்பையும் வைத்துவிடுகிறார்கள். சர்வர் விழுந்தால் கண்காணிப்பும் சேர்ந்து விழும். அலாரம் அடிக்க வேண்டியதே மயங்கிக் கிடக்கும்.

2021 அக்டோபர் 4, இந்திய நேரப்படி இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து முடங்கின. ஏறத்தாழ ஆறு மணி நேரம். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்தது. கோளாறைச் சரிசெய்யும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. கடைசியில் இன்ஜினீயர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள்.

அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் கதை இதைவிட மோசம். 2017இல் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் அங்கிருந்து திருடப்பட்டன. திருட்டு 76 நாள் தெரியவே இல்லை. போக்குவரத்தைக் கண்காணிக்க வைத்திருந்த கருவியின் சர்டிஃபிகேட் மாதக்கணக்கில் காலாவதியாகிக் கிடந்ததால், அது கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. சர்டிஃபிகேட்டைப் புதுப்பித்த பிறகுதான் திருட்டு கண்ணில் பட்டது.

முதலில் சொன்ன நவம்பர் 18 கிளவுட்ஃப்ளேர் முடக்கத்திலும் இதே வேடிக்கை. எந்த சைட் விழுந்தது என்று மக்கள் போய்ப் பார்க்கும் 'டவுன்டிடெக்டர்' தளமே அன்று திணறியது. அதுவும் கிளவுட்ஃப்ளேரை நம்பித்தான் இருந்தது.

நம்ம மாவட்டத்துக்கு இதில் தனிப் பாடம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று பட்டியல் நீள்கிறது. கடை வைஃபையில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக் கண்காணித்தால், கரண்ட் போன மறுநிமிடம் கண்காணிப்பும் போச்சு. காவல்காரன் வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். முடிந்தால் ஊருக்கே வெளியே.

அலாரம் அடித்தால் யார் எழுந்திருப்பது?

குறிஞ்சிப்பாடி தாலுகாவிலேயே இருக்கிறது வடலூர். அங்கே வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 'அணையா அடுப்பு' என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அது தானாக எரியவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் விறகு வைத்திருக்கிறார். இன்று யார் முறை என்பது தெரிந்திருக்கிறது. அப்டைம் என்பதும் அதுதான். கருவி கண்ணைத் தரும். கையை நாம்தான் தர வேண்டும்.

பல கடைகளில் என்ன நடக்கிறது? எச்சரிக்கை மெயில், மூன்று வருடத்துக்கு முன்பு சைட் செய்து கொடுத்த பையனுக்குப் போகிறது. அவர் இப்போது சென்னையிலோ பெங்களூருவிலோ ஐடி வேலையில் இருக்கிறார். அல்லது ஓனரின் ஜிமெயிலுக்கு வந்து ஆஃபர் மெயில்களுக்கு நடுவில் புதைகிறது. இன்னொரு பக்கம், சின்னத் தடங்கலுக்கெல்லாம் மெசேஜ் வந்து வந்து, கடுப்பாகி மியூட் போட்டுவிடுவார்கள். நிஜமான அலாரம் வரும்போது காது கேட்காது. அதனால் இரண்டு முறை தொடர்ந்து தோற்றால் மட்டும் அலாரம், இரவில் பேமென்ட் பக்கத்துக்கு மட்டும் போன் கால் என்று அளவாக வைத்துக்கொள்வது நல்லது.

"நம்ம சைட்டுக்கு இதெல்லாம் ஓவரா இல்லையா?"

நியாயமான கேள்விதான். "நாளைக்கு பத்து பேர்தான் வர்றாங்க. இதுக்கு எதுக்குக் காவல்?" என்று கேட்கலாம். ஆனால் பத்து பேர் வரும் சைட்டுக்குத்தான் காவல் அதிகம் தேவை. லட்சம் பேர் வரும் சைட் விழுந்தால் ஊரே சொல்லும். பத்து பேரில் ஒருவர் மொத்த ஆர்டர் கொடுக்க வந்தவராக இருந்தால், அவர் போனதுகூட உங்களுக்குத் தெரியாது.

"எனக்கு வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாவும் போதும்" என்றும் சொல்லலாம். சிலருக்கு உண்மையிலேயே போதும். அப்படியென்றால் சைட்டை மூடிவிடுங்கள். பாதி செத்த சைட்டை வைத்திருப்பதற்கு, இல்லாமல் இருப்பதே மேல். தேடி வந்தவர் பிழைச் செய்தியைப் பார்த்தால், "கடையையே மூடிட்டாங்க போல" என்றுதான் நினைப்பார். ஆனால் 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாவும் ஒரே நேரத்தில் படுத்ததையும் மறந்துவிட வேண்டாம்.

அரசு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்ற வாசகத்தைக் கேட்காத ஆள் நம்ம ஊரில் இருக்க முடியாது. கிராமத்திலிருந்து பஸ் ஏறி, ஒருநாள் கூலியை விட்டு வந்தவருக்கு அது வெறும் டெக்னிக்கல் பிரச்சினை இல்லை. எந்தச் சேவை இப்போது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று போனிலேயே பார்க்கும்படி ஒரு பொதுப் பக்கம் இருந்தால், அவர் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவெடுத்திருப்பார். தனியார் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்கின்றன. மக்கள் வரியில் ஓடும் சேவைகளுக்கு இதைக் கேட்பது பேராசை ஆகாது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

சைட் வைத்திருப்பவர்கள் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். டொமைன் யார் பெயரில், எந்த மெயில் ஐடியில் இருக்கிறது? ஹோஸ்டிங், டொமைன், சர்டிஃபிகேட் மூன்றும் எந்தத் தேதியில் முடிகின்றன? சைட் விழுந்தால் முதல் போன் யாருக்கு, அவர் எடுக்காவிட்டால் அடுத்த போன் யாருக்கு?

பிறகு ஏதாவது ஒரு மானிட்டரிங் சேவையில் உங்கள் முகப்புப் பக்கத்தையும், பேமென்ட் பக்கத்தையும் சேருங்கள். பத்து நிமிட வேலைதான். மாதம் ஒருமுறை நீங்களே வாடிக்கையாளர் மாதிரி, வேறொருவர் போனில், மொபைல் டேட்டாவில், ஒரு பொருளை ஆர்டர் செய்து பாருங்கள்.

சைட் செய்து தரும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கொட்டேஷனில் டிசைன், ஹோஸ்டிங், டொமைன் என்று போடும் இடத்தில் 'கண்காணிப்பு' என்று ஒரு வரியும் சேருங்கள். புது வீடு கட்டிக் கொடுப்பவர் சாவியைக் கொடுக்கும்போதே மோட்டார் சுவிட்ச் எங்கே, மெயின் எங்கே என்று காட்டிவிட்டுத்தான் போவார். சைட்டை ஒப்படைக்கும்போதும் அலாரம் எந்த நம்பருக்கு வரும் என்று ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டுப் போங்கள். வாங்குபவர்களும் அதைக் கேட்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.